ஓசை மட்டும் வந்த படம்



இந்த ஆண்டின் நினைவுச் சொற்பொழிவு ஒருவருடைய பேச்சு அல்ல. அண்ணன் விட்டுப்போன பெட்டியோடு இரண்டரை ஆண்டு மல்லுக்கட்டிய நான்கு பேர் சேர்ந்து எழுதியது. எங்களில் ஒருவர் வாசிக்கிறார். அதனால் நெடுகிலும் 'நாங்கள்' என்றே வரும். இதே மேடையில் முந்தைய ஆண்டுகளில் தலித் தன்வரலாறு பற்றியும், பறையிசை பற்றியும், சேரிகளின் தெய்வங்கள் பற்றியும் பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். நாங்கள் ஒரு வீடியோக் கோப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நேற்றுவரை ஓடிய படம், கணினியில் ஒரு புதுப்பிப்பு ஏறியதும் ஓடாமல் போனால் என்ன செய்வது என்பதைப் பற்றி. இலக்கிய மன்றத்தில் மெக்கானிக் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

அண்ணனை அறியாத மாணவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் கல்யாண வீடியோக்காரர். முகூர்த்த நாள்களில் அவரைப் பிடிக்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கேமரா சும்மா கிடக்கும். அந்த மாதங்களில் எங்களோடு வருவார். சுடுகாட்டுப் பாதைக்காக நடந்த மறியல், தேநீர்க் கடையில் தனிக்குவளையை உடைத்த நாள், பஞ்சமி நிலத்தில் கொடி நட்டது, இறந்தவர் வீட்டில் விடிய விடிய நடந்த ஒப்பாரி என்று எல்லாவற்றையும் எடுத்தார். கூலி கேட்டதில்லை. ஆனால் டேப்புக்குக் காசு வேண்டுமே. அறுபது நிமிட மினிடிவி கேசட் ஒன்றில் எங்கள் கூட்டத்தைப் பதிவார், வீட்டுக்குப் போய்க் கணினியில் ஏற்றுவார், சுருக்கி ஒரு சிடியில் எழுதி எங்களிடம் கொடுப்பார். ஆவணி பிறந்ததும் அதே கேசட்டில் யாருடைய தாலிகட்டோ ஏறிவிடும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மினிடிவி படத்தை அப்படியே கணினியில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். அவருடைய கணினியின் மொத்த வட்டே 40 ஜிபி. ஒரு சிடியில் 700 எம்பிதான் பிடிக்கும். எனவே தன் கணினியில் கூடுதல் செலவில்லாமல் கிடைத்த ஒரு முறையில் சுருக்கினார். அதற்கு இண்டியோ என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் இண்டெல் நிறுவனம் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கணினிகளில் அது கூடவே வந்தது. இல்லாதவன் கையில் கிடைப்பதை வைத்து வேலை பார்க்கிறான். எந்த வடிவம் இருபது ஆண்டு நிற்கும் என்று ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் இடத்தில் அவர் இல்லை.

2002ஆம் ஆண்டு ஆடியில் அவர் எடுத்த ஒரு படம் பற்றியதுதான் இந்தப் பேச்சு. ஓர் ஆயா. எழுபதுக்கு மேல் வயதிருக்கும். கையில் குச்சியோடு ஒரு வயல் வரப்பில் நடக்கிறார். நின்று நின்று காட்டுகிறார். "தோ, இந்தக் கல்லுலேர்ந்து அந்தப் பனமரம் வரைக்கும் நம்மளுது. கெணறு எங்க மாமனார் வெட்னது. எழுதி வாங்கிக்கறேன்னு சொல்லி நெல்லு ரெண்டு மூட்ட குடுத்தான்." இருபத்தாறு நிமிடம். ஆயாவின் பெயரையும் ஊரையும் சொல்லவில்லை. மனு இன்னும் நிலுவையில் இருப்பதால் சொல்ல வேண்டாம் என்று பேத்தி கேட்டுக்கொண்டார்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசு ஆணை பிறந்ததும், ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கென்று ஒதுக்கிய அந்த நிலத்தைப் பிறருக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையும், 1994இல் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததும் இந்த அவைக்குத் தெரியும். அதற்குள் போகவில்லை. அந்த நிலத்தின் எல்லையைக் காலால் நடந்து காட்டியவர்களின் படம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. எங்களிடம் ஒன்று இருந்தது.

அந்தச் சிடியைப் படிப்பகத்தில் வைத்திருந்தோம். அம்பேத்கர் பிறந்தநாளில் இரண்டு மூன்று முறை போட்டுக் காட்டினோம். 2010 ஏப்ரல் 14 அன்று மறுபடி போட்டபோது குரல் வந்தது, படம் வரவில்லை. திரை கறுப்பாக இருந்தது. ஆயா இருட்டுக்குள் இருந்து பேசிக்கொண்டிருந்தார். சிறுவர்கள் சிரித்தார்கள். நாங்கள் சிடியைத் துடைத்தோம், வாழைப்பழத் தோலால் தேய்த்தோம் (அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த வைத்தியம் அது), வேறு சிடியைப் போட்டு நிகழ்ச்சியை முடித்தோம். பிறகு உறையின் மேல் 'பழுது' என்று எழுதிப் பீரோவின் அடித்தட்டில் வைத்தோம்.

நடந்தது என்னவென்று பன்னிரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. 2009 டிசம்பரில் இயங்குதளத்துக்கு ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு வந்திருக்கிறது. இண்டியோ படத்தைப் பிரித்துக் காட்டும் நிரலில் ஓட்டை இருந்தது, அதன் வழியே கெட்ட நிரல்கள் நுழைய முடியும் என்பதால் கணினியோடு வரும் படக்கருவியில் அது இயங்காதபடி தடுத்துவிட்டார்கள். படிப்பகத்துக் கணினியில் இணையம் இருந்தது. புதுப்பிப்பு தானே இறங்கி ஏறிக்கொண்டது. யாரும் எதையும் அழுத்தவில்லை. சிடியில் ஒரு கீறலும் இல்லை.

இதில் எங்களை இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை. அவர் பாடுபட்டு எடுத்துக் கொடுத்ததை வைத்துக் காப்பாற்றத் தெரியாமல் கெடுத்துவிட்டோம் என்று வெட்கம். அவர் கேட்டபோதெல்லாம் "இருக்கு அண்ணே, பத்திரமா இருக்கு" என்றோம். சொல்லியிருந்தால் தன் பழைய கணினியில் போட்டு அரை மணியில் வேறு வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்திருப்பார். அந்தப் படம் யாராலும் பார்க்க முடியாமல் கிடந்த காலத்தில்தான் அவர் இறந்தார். அண்ணி, இதை உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்கிறோம். அவையிலும் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

2022இல் இரண்டும் சேர்ந்து வந்தன. ஆயாவின் பேத்தி நிலத்துக்காக மனு தயாரித்துக்கொண்டு, "எங்க ஆயா பேசினதை அந்த வீடியோ அண்ணன் எடுத்தாராமே, இருக்கா?" என்று கேட்டு வந்தார். ஏறக்குறைய அதே மாதத்தில் அண்ணி, வீடு மாறும்போது எடுத்த டிரங்குப் பெட்டியை மன்றத்துக்குக் கொடுத்தார். அதில் விஎச்எஸ் கேசட்டுகள், பல தடவை பதிந்து தேய்ந்த மினிடிவி டேப்புகள், பேனாவால் எழுதிய சிடிகள், ஓர் ஹார்ட் டிஸ்க். ஆயாவின் படத்துக்கு இன்னொரு பிரதி அதில் இருக்கும் என்று நம்பித் தேடினோம். இல்லை. 'பழுது' என்று நாங்கள் எழுதிய உறைதான் மிச்சம்.

பஜாரில் ஒரு கடைக்காரர் சிடி போய்விட்டது என்றார். இன்னொருவர் இணையத்திலிருந்து ஏதோ ஒரு கோடெக் மூட்டையை இறக்கிப் போட்டார். படம் வரவில்லை, கணினியில் வைரஸ் வந்தது. கணினி அறிவியல் படிக்கும் எங்கள் குழுத் தங்கைதான் நிதானமாகப் பார்த்தாள். முதலில் சிடியில் இருந்ததை அப்படியே கணினிக்குப் படியெடுத்தாள். பிறகு மீடியாஇன்ஃபோ என்ற சிறு மென்பொருளில் கோப்பைக் காட்டினாள். ஐவி50 என்று எழுத்து வந்தது. "சிடி நல்லாத்தான் இருக்குண்ணா. இத எப்படிப் படிக்கறதுன்னு கம்ப்யூட்டருக்குத்தான் மறந்துபோச்சு" என்றாள். விஎல்சியில் திறந்தாள். ஆயா வரப்பில் நடந்து வந்தார். பேத்தி அப்போது அறையில் இருந்தார். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். உட்காரச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

இங்கே மாணவர்களுக்கு ஒரு விளக்கம். கோப்பின் பெயர் ஏவிஐ என்றோ எம்ஓவி என்றோ முடிந்தால் அது பெட்டியின் பெயர் மட்டும். பெட்டிக்குள் படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுருக்கவும் விரிக்கவும் தெரிந்த நிரலுக்குத்தான் கோடெக் என்று பெயர். ஆயாவின் கோப்பில் ஒலி சுருக்காத சாதாரண ஒலி, எந்தக் கணினியும் வாசிக்கும். படம் இண்டியோ. படத்துக்கான நிரலை முடக்கியதும் குரல் மட்டும் மிஞ்சியது. 'ஓசை வருகிறது, படம் வரவில்லை' அல்லது 'படம் வருகிறது, ஓசை இல்லை' என்றால் கோப்பு சாகவில்லை என்பதற்கே அது பெரும்பாலும் அறிகுறி. தூக்கிப் போடாதீர்கள். நாங்கள் தூக்கிப் போடாததற்குக் காரணம் அறிவு அல்ல, சோம்பல்.

இப்படி விலக்கப்பட்டது இண்டியோ ஒன்றுதானா என்றால் இல்லை. விண்டோஸ் கணினிக்கான குவிக்டைமில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு, 2016 ஏப்ரலில் அதை நீக்கிவிடும்படி அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவே அறிவித்தது. 2019இல் வந்த ஆப்பிளின் கேடலினா பதிப்பில் குவிக்டைம் 7ஐ நம்பியிருந்த சினிபேக், சோரன்சன் போன்ற பழைய வடிவங்கள் திறக்காமல் போயின. யூடியூப்பே தொடக்கத்தில் ஃப்ளாஷில்தான் ஓடியது. அந்த ஃப்ளாஷை அடோபி நிறுவனம் 2020 இறுதியோடு கைவிட்டு, 2021 ஜனவரி 12 முதல் ஓடவே விடாமல் தடுத்தது. டேப்பின் கதையும் இதுதான். விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. மினிடிவி கேமராவைக் கணினியோடு சேர்க்கும் ஃபயர்வயர் துளை இப்போது விற்கும் கணினிகளில் இல்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு தோழர் இதைச் சதி என்றார். நம் வரலாற்றை அழிக்கும் வேலை என்று ஆவேசமாகவே பேசினார். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஓட்டையுள்ள நிரலை அப்படியே விட்டிருந்தால் முதலில் மாட்டிக்கொள்வது பழைய கணினி வைத்திருக்கும் நம் படிப்பகம்தான் என்றாள். யாரோ அனுப்பிய ஒரு படத்தைத் திறந்ததற்காக உறுப்பினர் பட்டியல் முழுவதும் வெளியே போயிருக்கலாம். அவள் சொல்வது சரி. எங்களுக்கு எதிராக யாரும் எதையும் செய்யவில்லை. அதே நேரத்தில், தடுப்பதற்கு முன் இந்த வடிவத்தில் எதையெல்லாம் யார் யார் வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தவர்களின் கணக்கிலும் நாங்கள் இல்லை. பெரிய தொலைக்காட்சிகளுக்கு ஆவணப் பிரிவு உண்டு, சம்பளத்துக்கு ஆள் உண்டு. ஒரு வடிவம் போகப்போகிறது என்றால் முன்பே மாற்றிவிடுவார்கள். அறிவிப்பு ஆங்கிலத்தில் வரும், அதைப் படிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் அவர்களிடம் இருப்பார்கள். சேரிக் கல்யாணத்தையும் சேரிப் போராட்டத்தையும் எடுத்த ஸ்டுடியோக்காரரிடம் யார் வந்து சொல்வார்கள்?

இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கி 1900வரை நடத்திய 'பறையன்' இதழ் இன்று நமக்கு முழுத் தொகுப்பாகக் கிடைப்பதில்லை. அயோத்திதாசரின் 'தமிழன்' 1907இல் வரத் தொடங்கியது. அதன் பழைய இதழ்கள் தப்பிப் பிழைத்ததால்தான் 1999இல் ஞான. அலாய்சியஸ் அவருடைய எழுத்துகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது. நம் அரசியலின் போக்கையே அந்தத் தொகுதிகள் மாற்றின. பெட்டிக்குள் தொண்ணூறு ஆண்டு கிடந்த காகிதத்தைக் கரையான் அரிக்காமல் விட்டிருந்தால், எழுத்துத் தெரிந்த எவரும் எடுத்துப் படிக்கலாம். வீடியோ அப்படிக் கிடையாது. பத்திரமாகவே கிடந்தாலும் ஒரு நாள் அதைத் திறக்க யாரிடமாவது மென்பொருள் இருக்க வேண்டும். 'பறையன்' இதழைத் தொலைத்த சமூகம் இதை இரண்டு மடங்கு பயத்தோடு பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எங்கள் மீட்புக்கும் ஒரு வரலாறு உண்டு. விஎல்சி என்பது பாரிசில் எகோல் சென்ட்ரல் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை. 2001இல் எல்லோருக்கும் திறந்த மென்பொருளாக விடப்பட்டது. எஃப்எஃப்எம்பெக் என்பது 2000இல் பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரிஸ் பெல்லார் தொடங்கியது. கைவிடப்பட்ட வடிவங்களை, உரிமையாளர் உள்விவரம் தராத நிலையிலும், கோப்பையும் நிரலையும் பிரித்துப் பிரித்துப் பார்த்து எப்படிச் சுருக்கினார்கள் என்று கண்டுபிடித்து, அதை விரிக்கும் நிரலை இலவசமாக எழுதிவைக்கிற தன்னார்வலர்கள் அதில் இருக்கிறார்கள். இண்டியோவை அப்படித்தான் திறந்தார்கள். அவர்களுக்கு எங்கள் ஆயாவைத் தெரியாது. படியெடுக்கிற, எழுத்தைப் புரிந்து வாசிக்கிற வேலை என்றால் என்னவென்று சுவடிகள் காலத்திலிருந்தே தெரிந்த மொழி நம்முடையது. அந்த வேலையில் நம் பிள்ளைகளும் இறங்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு உண்டு.

இத்தோடு கதை சுபமாக முடிந்ததாக நினைக்காதீர்கள். ஆயாவின் படம் திறந்த மகிழ்ச்சியில் பெட்டியில் இருந்த மற்ற சிடிகளையும் ஒரே வாரத்தில் மாற்றித் தள்ளினோம். இடம் போதவில்லை என்று பதினொரு மூலக் கோப்புகளை அழித்தோம். சில சிடிகளின் பூச்சு ஏற்கெனவே உரிந்துகொண்டிருந்ததால் அவற்றை எறிந்தும்விட்டோம். இரண்டு மாதம் கழித்துப் பெரிய திரையில் போட்டபோதுதான் தெரிந்தது. கை அசையும் இடமெல்லாம் சீப்புப் பல்லைப் போல் கோடு கோடாக இருந்தது. பழைய வீடியோ ஒவ்வொரு படத்தையும் ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதியாக எடுக்கும். அதைக் கவனிக்காமல் மாற்றினால் இப்படி ஆகும். முகங்கள் அகலமாக இழுபட்டிருந்தன. மூலம் இருந்தால் மறுபடி சரியாக மாற்றலாம். அந்தப் பதினொன்றில் இனி முடியாது. மென்பொருள் புதுப்பிப்பு பன்னிரண்டு ஆண்டு ஒரு படத்தை மறைத்தது. எங்கள் அவசரம் ஒரு வாரத்தில் பதினொன்றைக் கெடுத்தது.

அதன் பிறகு ஒரு வழக்கறிஞர் தோழரைப் பார்த்தோம். ஆயாவின் பேச்சு பட்டா ஆகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். பழைய அ பதிவேட்டில் டிசி என்ற குறிப்பு எந்தப் புல எண்ணுக்கு எதிரில் இருக்கிறது என்பதுதான் நிற்கும். ஆனால் படத்தில் தெரியும் கிணறு இன்று மூடப்பட்டுவிட்டது, எல்லைக் கல்லும் இல்லை. எந்த இடத்தைத் தேட வேண்டும் என்பதையே அந்தப் படம்தான் காட்டியது. நீதிமன்றம் வரை போனால் என்ன ஆகும் என்றும் கேட்டோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்ற நீளமான எண். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். இண்டியோவிலிருந்து எம்பி4க்கு மாற்றிய படத்துக்குக் கைரேகை வேறு. மாற்றியதைக் கொண்டுபோய் மூலம் என்று நிற்க முடியாது. மூலக் கோப்பு இருந்து, அதைத் திறக்க முடியவில்லை என்பதால் பார்ப்பதற்கு இந்தப் பிரதி என்று காட்டினால் அது வேறு கதை.

வழக்கின் ஆயுளையும் மென்பொருளின் ஆயுளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோகுல்ராஜ் 2015 ஜூனில் கொல்லப்பட்டார். திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு அந்த வழக்கில் முக்கியச் சான்று. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு 2022 மார்ச்சில் வந்தது, உயர்நீதிமன்றம் அதை 2023 ஜூனில் உறுதிசெய்தது. எட்டு ஆண்டு. கண்காணிப்புக் கேமராக்களில் பல, தமக்கே உரிய வடிவத்தில் பதிபவை. அந்தந்தக் கருவியோடு வந்த மென்பொருளில்தான் திறக்கும். அவற்றில் பழையவை பலவும் இண்டர்நெட் எக்ஸ்புளோரரை நம்பியிருந்தவை. 2022 ஜூனில் அதற்கும் ஆதரவு நின்றது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறையில் உள்ள 15அ பிரிவின் பத்தாம் உட்பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தும் வீடியோவில் பதியப்பட வேண்டும் என்கிறது. நாம் போராடிப் பெற்ற பிரிவு. அப்படிப் பதிவதை எந்த வடிவத்தில் வைப்பது, பதினைந்து ஆண்டு கழித்து மேல்முறையீட்டில் யார் திறந்து காட்டுவது என்று நாம் இப்போதே கேட்க வேண்டும். சட்டம் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் நடைமுறையைச் சொல்கிறோம். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது. கோப்பு எந்த வடிவில் வந்ததோ அந்த மூலத்தைத் தொடுவதில்லை. பெயரைக்கூட மாற்றுவதில்லை. ஹாஷ் எண்ணை எடுத்து நோட்டில் எழுதுகிறோம். பார்ப்பதற்கென்று எம்பி4இல் ஒரு பிரதி. முக்கியமான படங்களுக்கு மட்டும் எஃப்எஃப்வி1 என்ற, தரம் குறையாமல் சுருக்கும் திறந்த வடிவில் இன்னொரு பிரதி. அதன் விவரக்குறிப்பு 2021இல் பொதுவெளியில் வெளியானது, எனவே ஒரு நிறுவனம் கைவிட்டாலும் யாராவது மறுபடி எழுதிக்கொள்ளலாம். இடம் நிறையப் பிடிக்கும், அதனால் எல்லாவற்றுக்கும் எங்களால் முடியாது. மொத்தத்தையும் மூன்று இடங்களில் வைக்கிறோம். படிப்பகத்தில் ஒன்று, அண்ணி வீட்டில் ஒன்று, வேறு மாவட்டத் தோழர் ஒருவரிடம் ஒன்று. ஒவ்வொரு வட்டிலும் விஎல்சியின் நிறுவல் கோப்பையும் கூடவே போட்டுவைக்கிறோம்.

புதுப்பிப்பை நிறுத்திவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தினசரிப் புழங்கும் கணினியில் வேண்டாம். அண்ணனின் பழைய கணினியை அண்ணி கொடுத்தார். இணையத் தொடர்பு இல்லாமல் தனியாக வைத்திருக்கிறோம். அது எதையும் புதிதாகக் கற்பதில்லை, எதையும் மறப்பதுமில்லை. எஃப்எஃப்எம்பெக்குக்கும் பிடிபடாத இரண்டு கோப்புகளை அதில்தான் திறந்தோம். யூடியூப்பில் ஏற்றிவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. ஏற்றுங்கள், நாலு பேர் பார்க்கட்டும். ஆனால் அங்கே இருப்பது அவர்கள் மறுபடி சுருக்கிய பிரதி. பின்னணியில் ஒலிபெருக்கிப் பாட்டு ஓடினால் உரிமைக் கோரிக்கை வந்து முடங்கலாம். அதைச் சேமிப்புக் கிடங்காக நம்பக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த நம் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள் அதைத் தாங்களே படமெடுத்துப் பரப்பினார்கள். அந்தப் படம் எத்தனையோ லட்சம் போன்களில் இருக்கும். வடிவம் எதுவானாலும் அது அழியாது. நாம் அடிவாங்கும் படத்துக்குப் பிரதிகள் ஏராளம். நம் ஆயா தன் நிலத்தை நடந்து காட்டும் படத்துக்குப் பிரதி ஒன்றுதான், அதிலும் நாங்கள் 'பழுது' என்று எழுதி வைத்திருந்தோம்.

சென்ற ஆண்டு மாசியில் அந்தப் படத்தை ஆயாவின் காலனியிலேயே சமுதாயக் கூடத்துச் சுவரில் போட்டோம். படத்தைத் திறப்பது எளிதாகிவிட்டது, படத்தில் இருப்பவர்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் எல்லாச் சிடியிலும் தேதியும் ஊரும் எழுதினார், முகங்களை எழுதவில்லை. அவருக்கு எல்லோரையும் தெரியும், எழுத வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஆயாவுக்குப் பின்னால் குடை பிடித்து வருபவர் யார் என்று கேட்டோம். பின்வரிசையில் இருந்து ஒரு பெரியவர், "நிறுத்து, நிறுத்து. அது எங்கண்ணன். அந்தக் கெணத்துல கடைசியா தூரு வாரினவன் அவன்தான்" என்றார். அவர் சொன்ன ஆண்டை வைத்துத்தான் மனுவில் ஒரு முழுப் பத்தி எழுத முடிந்தது. அன்றிரவு பத்துப் பதினொரு பெயர்கள் கிடைத்தன. பள்ளிக்கூட நோட்டில் நிமிடக் கணக்குப் போட்டு, எந்த நிமிடத்தில் எந்தப் பக்கம் நிற்பவர் யார் என்று எழுதினோம். அந்த நோட்டைத் திறக்க மென்பொருள் வேண்டாம். பெயர் சொன்ன பெரியவர் அதற்கு அடுத்த ஐப்பசியில் தவறிவிட்டார்.

மனு இன்னும் முடிவாகவில்லை. இரண்டு முறை அளக்க வருவதாகச் சொல்லி வரவில்லை. பேத்தி விடவில்லை, நாங்களும் கூடப் போகிறோம்.

இந்தக் கூடத்தின் பின்பக்கம் மேசை மேல் நாற்பத்திரண்டு முகங்களை அச்சிட்டு ஒட்டியிருக்கிறோம். அண்ணனின் படங்களிலிருந்து எடுத்தவை, 1998க்கும் 2006க்கும் இடைப்பட்டவை. ஒவ்வொன்றின் கீழும் ஊர் இருக்கிறது, பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். பேனாவும் கட்டியிருக்கிறது. வட மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் தோழர்கள், அவசரமாகப் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்களும்கூட, ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள். வீட்டில் பழைய சிடி, டேப், மெமரி கார்டு இருந்து, ஓடவில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தால் எறியாமல் எங்களிடம் கொண்டு வாருங்கள். திறக்க முடியும் என்று உறுதி தர மாட்டோம். அண்ணி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேசை பக்கத்தில் இருப்பார். சில முகங்களை அவருக்கு அடையாளம் தெரியும், பெயர்தான் நாக்கில் நிற்கிறது என்கிறார்.

ஜெய்பீம்.